ஐடி ஒர்க்‌ஷாப் பயிற்சி: மூன்று வருஷம் வேலை பார்த்த பிறகு

பக்கத்து வீட்டுப் பெண் பி.எஸ்சி. முடித்திருக்கிறாள். "அக்கா, நீங்க படிச்ச அந்த கோர்ஸுக்கு நானும் போகட்டா?" என்று கேட்டாள். போ என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தக்கலை. படித்தது இயற்பியல். 2022-ல் நாகர்கோவில் வடசேரி பக்கம் ஒரு மாடியில் நடந்த நான்கு மாதச் செய்முறைப் பயிற்சியில் சேர்ந்தேன். ஹார்டுவேர், நெட்வொர்க்கிங், லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்), கடைசியில் கொஞ்சம் கிளவுட், அதாவது இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டர். கட்டணம் 22,000 ரூபாய், இரண்டு தவணை. பதினான்கு பேருக்கு எட்டு கம்ப்யூட்டர். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் சர்வர் சப்போர்ட் வேலைக்கு வந்து இப்போது மூன்று வருஷம் ஆகிறது. பயிற்சி முடிந்த வாரத்தில் கேட்டிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். அப்புறம் வேலை தேடி அலைந்த நாட்களில் கேட்டிருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

அங்கே உருப்படியாக நடந்தது வெள்ளிக்கிழமை வகுப்புதான். சார் எங்களுக்கு முன்னாலேயே வந்து ஒவ்வொரு மெஷினிலும் எதையாவது கெடுத்து வைத்திருப்பார். ஒன்றில் ரேம் பாதி கழன்றிருக்கும். ஒன்றில் கேட்வே முகவரி, அதாவது வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலின் எண், ஒன்று தள்ளியிருக்கும். இன்னொன்றில் ஏதோ ஒரு ஃபைலின் அனுமதியை மாற்றியிருப்பார், பின்னணியில் ஓட வேண்டிய சர்வீஸ் எழும்பவே எழும்பாது. ஃபார்மேட் பண்ணக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். என்ன பார்த்தோம், என்ன நினைத்தோம், எதை மாற்றினோம் என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் சரிசெய்தால் மறுபடியும் கெடுத்துவிடுவார். அப்போது எரிச்சலாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வந்தது ஒரு நீளமான லேன் கேபிள். டெஸ்டரில் போட்டால் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிகிறது. நெட்வொர்க்கும் கிடைக்கிறது. ஆனால் பெரிய ஃபைலை அனுப்பினால் இழுஇழு என்று இழுக்கிறது. ஐபி, டிரைவர், சுவிட்ச் என்று ஒன்றரை மணி நேரம் போனது. "மக்களே, மொதல்ல கையில இருக்கத பாரு" என்றார் சார். பார்த்தேன். கேபிளின் எட்டுக் கம்பிகளை அடுக்க டி568பி என்று ஒரு நிற வரிசை உண்டு. அதில் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சைக்கு அடுத்து நீலம் வர வேண்டும். பச்சை ஆறாவதாகத்தான் வரும். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று வெள்ளைப் பச்சை பக்கத்திலேயே பச்சையை வைத்து, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்திருந்தார்கள், அதாவது பிளக்கில் வைத்து அழுத்தியிருந்தார்கள். மூன்றாவது கம்பியும் ஆறாவது கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருந்தால்தான் மின் இரைச்சல் அடங்கும். ஜோடி பிரிந்தால் போச்சு. எங்கள் டெஸ்டர் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், ஜோடியைப் பார்க்காது. பச்சை விளக்கை அப்படியே நம்பும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம், ராத்திரி ஷிஃப்டில் ஒரு சர்வரின் டிஸ்க் 100 சதவீதம் நிறைந்தது. கூட இருந்தவர் பெரிய லாக் ஃபைல் (நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் ஃபைல்) ஒன்றை அழித்தார். இடம் திரும்பவில்லை. அடுத்ததை அழிக்கப் போனார். லினக்ஸில் ஃபைலை அழித்தாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் அதை மூடும்வரை அந்த இடம் விடுபடாது. இதே வித்தையை சார் ஒரு வெள்ளிக்கிழமை காட்டியிருந்தார். எல்எஸ்ஓஎஃப் கட்டளை போட்டு எது பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தோம். வேலை முடிந்தது. என் 22,000-ல் பாதி அன்றைக்கு வசூல்.

மீதிப் பாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐடிஇ என்ற பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் ஜம்பர் என்ற குட்டி இணைப்பானை மாற்றுவதற்கு ஒரு வாரம் போயிற்று. வேலைக்கு வந்தபின் அப்படி ஒரு டிஸ்க்கை நான் கண்ணால் பார்க்கவில்லை. கிளவுட் பாடம் முழுக்க புரொஜெக்டரில் வேடிக்கை பார்த்ததுதான். இலவசக் கணக்கு தொடங்கவே கிரெடிட், டெபிட் கார்டு எண் கேட்கும். எங்களில் பாதிப் பேரிடம் கார்டு கிடையாது. ஒரே ஒரு பொதுக் கணக்காவது வைத்திருக்கலாம். கிட் (Git) பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஃபைல்களில் யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைப்பது அது. 2005-லிருந்து இருக்கிற சாதனம், அது தெரியாமல் முதல் நாள் ஆபீஸில் முழித்தேன். அதைவிடக் கஷ்டம், டிக்கெட்டில் (புகாரையும் அதற்குச் செய்ததையும் பதியும் பக்கம்) நாலு வரி ஆங்கிலத்தில் எழுதுவதும், போனில் கோபமாக இருக்கும் ஆளிடம் பேசுவதும். நோட்டில் தமிழில் எழுதிய அதே மூன்று விஷயம்தான் டிக்கெட்டிலும் வர வேண்டும் என்று புரிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

அவர்கள் சொன்ன "100 சதவீத வேலைவாய்ப்பு" என்பது வெறும் மூன்று போன் நம்பர்கள். ஒன்றில் யாரும் எடுக்கவில்லை. சான்றிதழை இதுவரை எந்த இன்டர்வியூவிலும் யாரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை நோட்டை ஒருவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார், அந்த வேலைதான் கிடைத்தது.

எங்கள் பேட்ச்சில் நான் அறிய ஐடி கம்பெனியில் இருப்பது ஐந்து பேர். ஒரு பையன் கருங்கலில் சிசிடிவி, நெட்வொர்க் வேலைக்குக் கடை போட்டுவிட்டான். என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான். நான் இரணியல் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலுக்கு நிற்கும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஐடி என்றாலே கேரளா பார்டர் தாண்டி, டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டம் போக வேண்டும் என்று நினைத்தது நாங்கள்தான். பயிற்சியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உள்ளூரில் பிழைக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

புரோகிராமிங் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்த கோர்ஸ் ஒத்துவராது. சப்போர்ட், நெட்வொர்க் பக்கம் என்றால் தாராளமாகப் போகலாம். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கம்ப்யூட்டரைத் திறக்க மாணவர்களை விடுகிறார்களா, சார் மட்டும் திறக்கிறாரா என்று கவனியுங்கள்.

போன மாதம் அந்தப் பெண்ணை நானே வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கூட்டிப் போனேன். அதே மாடி, அதே எட்டு கம்ப்யூட்டர், கட்டணம் மட்டும் 28,000. சார் என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை. கிரிம்பிங் டூலை நீட்டி, "பிள்ளைகள் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு, நீயும் ரெண்டக் கெடுத்து வை மக்களே" என்றார். ஒரு நீளக் கேபிளை எடுத்து, இரண்டு முனையிலும் நீலத்தையும் பச்சையையும் இடம் மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.