செம்மண் சடக்குக்கு எது: பழைய ஹைலக்ஸா, புது ஜிம்னியா?

கோலாலம்பூரில் இருந்துகொண்டு, வார இறுதியில் தார் முடிகிற இடத்தைத் தாண்டிப் போக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப், சுசூகியின் ஜீப் மாதிரியான குட்டி வண்டி ஜிம்னி என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். நான் எடுத்தது செகண்ட் ஹேண்ட் ஹைலக்ஸ் வீகோ, 2.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜிம்னியை மச்சானிடம் இரவல் வாங்கி ஓட்டியதோடு சரி. அதை வைத்துக் கட்டி மேய்த்த அனுபவம் எனக்கில்லை.

ஏறுகிற திறமையில் சண்டை போட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் லேடர் சேசிஸ் (ஏணி வடிவ இரும்புச் சட்டம்), இரண்டிலும் மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் உண்டு. குறுகலான பாதையில் ஜிம்னிதான் ராஜா. 1,645 மில்லிமீட்டர் அகலம், சுமார் 1.1 டன் எடை. சேற்றில் புதைந்தாலும் நாலு பேர் தள்ளினால் வெளியே வந்துவிடும். என் வண்டி ஐந்தே கால் மீட்டர் நீளம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வால் தட்டும். பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் தேடும் கொடுமையைப் பற்றிப் பேசவே வேண்டாம். எண்ணெய்ச் செலவும் இருக்கிறது: தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்குத் தாவியது. ஜிம்னிக்கு ரோன்95 பெட்ரோல் போதும்.

அப்புறம் ஏன் ஹைலக்ஸ்? காட்டுக்குள் நடப்பதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடப்பதை வைத்து எடுத்தேன்.

மேடேறி வந்த அச்சு நல்ல சூட்டில் இருக்கும். அப்படியே குளிர்ந்த ஓடையில் இறக்கினால் டிஃப்ரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள பற்சக்கரத் தொகுதி) கூட்டுக்குள் இருக்கும் காற்று சுருங்கும். சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலோ, ப்ரீதர் என்ற காற்றுத் துவாரம் மண்ணால் அடைத்திருந்தாலோ, தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். வீட்டுக்கு வந்து அடி நட்டைக் கழற்றினால் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் எண்ணெய் வழியும். அதைப் பார்த்தும் மாற்றாமல் ஓட்டினால் பேரிங்கும் பற்சக்கரப் பல்லும் போய்விடும். ப்ரீதர் குழாயை நீட்டி உயரத்தில் கட்டிவிட்டால் பாதித் தொல்லை குறையும். பின் பிரேக் டிரம்முக்குள் புகுந்த செம்மண்ணோ உப்புத்தாள் மாதிரி ஷூவைத் தின்னும். இந்த வம்புகள் இரண்டு வண்டிக்கும் பொது. ஜிம்னியின் முன் அச்சில் இன்னொன்று கூடுதல்: சக்கரம் திரும்பும் முட்டியில் உள்ள பெரிய சீல்கள் சேற்றில் தேய்ந்து, அந்த முட்டியைத் தாங்கும் கிங்பின் பேரிங் ஆட்டம் கண்டால், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும். என் வண்டியில் அந்த இடத்தில் கிழிவது, அச்சு மூட்டை மூடியிருக்கும் சிவி பூட் ரப்பர்.

சரி, கிழிந்தால் எங்கே போவது? இதுதான் எனக்குக் கடைசி வார்த்தை. ரவூப்போ குவா மூசாங்கோ கோல குபு பாருவோ, எந்தச் சின்னப் பட்டணத்துப் போமனும் (மெக்கானிக்) ஹைலக்ஸை ஆயிரம் முறை கழற்றிப் பூட்டியிருப்பார். செம்பனைத் தோட்டமும் காய்கறித் தோட்டமும் இந்த வண்டியில்தான் ஓடுகின்றன. சனிக்கிழமை மத்தியானம் கேட்டாலும் சாமான் அலமாரியில் இருக்கும், அசல் இல்லாவிட்டால் மாற்று. ஜிம்னிக்கு அந்த ஊர்களில் “ஆர்டர் போடணும் அண்ணே, கேஎல்லிலிருந்து வரணும்” என்பார்கள். கேமரன் மலையில் துருப்பிடித்த பழைய லேண்ட்ரோவர்கள் இன்னும் கோஸ் சுமப்பதற்கும் காரணம் இதுவே: அங்கேயே சாமான் இருக்கிறது, அங்கேயே பழுது பார்க்கத் தெரிந்தவரும் இருக்கிறார்.

பழைய ஹைலக்ஸில் வில்லங்கமும் உண்டு. தோட்டத்தில் உழைத்த வண்டியென்றால் பின் லீஃப் ஸ்ப்ரிங் மாட்டியிருக்கும் இடத்தில் சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே காய்ந்த மண் இருந்தால் துருவும் கூடவே இருக்கும். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் போனால் பை காலி. ஆனாலும் ஒன்றரை லட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்துப் புது ஜிம்னி எடுத்து, முதல் கல்லில் கீறல் விழும்போது பதறுவதைவிட இது எனக்குத் தேவலை. மறுவிற்பனையில் ஜிம்னி முந்தும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்; இருக்கலாம், நான் விற்றுப் பார்த்ததில்லை.

எதை எடுத்தாலும், காப்புக்காட்டுக்குள் நுழைய மாநில வனத்துறை பெர்மிட் வேண்டும். 2022 டிசம்பரில் பத்தாங்காலி நிலச்சரிவு 31 பேரைக் கொண்டுபோனது. அக்டோபர், நவம்பர் மழையில் மண்சரிவு பார்க்காமல் கிளம்புவது வீரமில்லை.

இரண்டு பேராக, பகலில் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்களுக்கு ஜிம்னியே பொருத்தம். எடுத்த கையோடு முன் அச்சு சீல் செட் ஒன்றை வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். பின் சீட்டை மடக்காவிட்டால் 85 லிட்டர்தான் இடம், ஆனால் அந்தப் பொட்டலம் அதில் அடங்கும்.