வெப்ப அடுக்குகளை அளக்க நீர்மூழ்கி கிளைடர்: சில பருவங்களுக்குப் பிறகு

கப்பலிலிருந்து கருவியை இறக்கி அளந்துகொண்டிருந்த நாங்கள் கிளைடருக்கு, அதாவது ஆளில்லாமல் கடலுக்குள் ஏறி இறங்கி அளக்கும் கருவிக்கு, மாறிச் சில பருவங்கள் ஆகின்றன. வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். தரவைத் திருத்த ஆகும் நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

எங்களுடையதில் உந்துவிசிறி இல்லை. உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் கன அளவு கூடி மேலே வரும், உள்ளே இழுத்தால் மூழ்கும். அந்த ஏற்ற இறக்கத்தை இறக்கைகள் முன்னோக்கிய நகர்வாக்கும். வேகம் மணிக்குச் சுமார் 1 கிலோமீட்டர்தான், நீரோட்டம் வலுத்தால் எதிர்த்துப் போக முடியாது. ஆனால் லித்தியம் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். 2009-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்லெட் நைட் என்ற கிளைடர் 221 நாட்களில் அட்லாண்டிக்கையே கடந்தது.

இதன் உண்மையான பலன் தெர்மோக்ளைனில், அதாவது ஆழம் கூடக்கூட வெப்பநிலை சட்டெனக் குறையும் அடுக்கில், தெரிகிறது. கப்பலில் ஒருமுறை அளந்தால் அது அந்த நேரத்து ஆழம் மட்டுமே. கடலுக்குள்ளேயே எழும் உள் அலைகள் அந்த அடுக்கைச் சில மணி நேரத்திலேயே பல மீட்டர் ஏற்றி இறக்கிவிடும். கிளைடர் மறுபடி மறுபடி குறுக்கே போவதால் அந்த ஆட்டம் வரைபடத்தில் தெரிகிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி! ஆனால் மெதுவாக நகரும் கருவி என்பதால், அடுக்கு உயர்ந்தது நேரத்தாலா, இடம் மாறியதாலா என்று ஒரே கிளைடரை வைத்துப் பிரிப்பது கடினம். ஒரே இடத்தைச் சுற்றிவரச் செய்தால் ஓரளவு தெளிவாகும்.

அப்புறம் உப்புத்தன்மை. அதை நேரடியாக அளப்பதில்லை, மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் வைத்துக் கணக்கிடுகிறோம். வெதுவெதுப்பான நீரிலிருந்து குளிர்ந்த அடுக்குக்குள் இறங்கும்போது கடத்துதிறனை அளக்கும் குழாயின் சுவர் பழைய வெப்பத்தை விடாமல் உள்ளே வந்த நீரைச் சூடாக்கும். அதனால் கடத்துதிறன் கூடுதலாகப் பதிவாகி, உப்பு இருப்பதைவிட அதிகமாகக் கணக்கில் வரும். ஏறும்போது இது தலைகீழ். இறங்கு, ஏறு வரைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். படியாவிட்டால், கனமான நீர் மேலே நிற்பதுபோல் பொய்யான அடர்த்தி கிடைக்கும். பம்ப் உள்ள சென்சாரில் குழாய்க்குள் நீர் சீராக ஓடுவதால் திருத்தம் எளிது. கூடுதல் மின்சாரம் தின்றாலும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

ஆற்று முகத்துவாரம் அருகே என்றால் கிளைடரின் எடையைச் சமன்செய்வதில் கவனம் தேவை. மேலே நன்னீர், கீழே உப்புநீர் என்று அடர்த்தி சட்டென மாறினால், போதிய மிதப்பு இல்லாத கிளைடர் மேற்பரப்புக்கு வரமுடியாமல் இடையிலேயே நின்றுவிடும். மேலே வந்தால்தான் செயற்கைக்கோள் தொடர்பே கிடைக்கும்.