பள்ளிக்கரணை வீடும் என் மூச்சும்: நான்கு ஆண்டுகளாக ஊதிவரும் ஒரு குழல்

2021 ஜூன் மாதம் திருவல்லிக்கேணியிலிருந்து பள்ளிக்கரணைக்குக் குடிமாறினோம். திருவல்லிக்கேணியில் இருந்தது 14 ஆண்டுகள். ஒண்டுக்குடித்தனம்தான், கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர் எட்டும். ஆனாலும் பிற்பகல் சாய்ந்தால் கடற்காற்று தெருவுக்குள் வந்துவிடும். மொட்டைமாடி எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். அங்கே எனக்கு இருந்த தொல்லையெல்லாம் காலையில் நாலைந்து தும்மல், மார்கழியில் கொஞ்சம் மூக்கடைப்பு. அவ்வளவே.

புது வீட்டில் அக்டோபர் மழை பிடித்ததும் ஒரு நாள் இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டேன். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். படுத்தால் மூச்சு போதவில்லை, உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. விடியும்வரை கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஆறு மாதத்தில் மூன்று முறை நெபுலைசர் (மருந்தைப் பனிப்புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்கவைக்கும் மின்கருவி), இரண்டு முறை ஸ்டீராய்டு மாத்திரை. நாற்பது வயது தாண்டி இளைப்பு, அதாவது ஆஸ்துமா, வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"அந்த ஏரியா காற்றே அப்படித்தான்" என்றார்கள் எல்லோரும். சொல்வதற்குக் காரணமும் இருந்தது. ஒருபுறம் சதுப்புநிலம், அதன்மேலேயே பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, போகிற வழியெல்லாம் தோண்டிப்போட்ட சாலை. நானும் அதையே நம்பினேன். நம்பி, அந்த டிசம்பரிலேயே 13,000 ரூபாய் கொடுத்துக் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்கினேன். இன்றுவரை இதற்காக நான் வாங்கியவற்றில் விலை அதிகமானது அதுதான். அதிகம் உதவியது அது அல்ல. அதற்குப் பிறகு 800 ரூபாய்க்கு வாங்கிய, மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு பிளாஸ்டிக் குழல்தான் என்னைக் காப்பாற்றியது. அதைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடிக் கிடங்கில் தீப்பிடித்தது சென்னையில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். நாள்கணக்கில் புகைந்தது. ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகியும் ரப்பர் கருகும் வாடை போகவில்லை. மூன்றாம் நாள் நெஞ்சக மருத்துவரிடம் போனேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே ஒரு குழலைக் கையில் கொடுத்து, "ஒரே மூச்சில், உங்களால் முடிந்த வேகத்தில் ஊதுங்கள்" என்றார். முள் 210-இல் நின்றது. உங்கள் உயரத்துக்கும் வயதுக்கும் 380 பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். அதன் பெயர் பீக் ஃப்ளோ மீட்டர். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியேற்ற முடிகிறது என்பதை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும். இளைப்பு நோயில் காற்றுக்குழல்கள் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதே சிரமம். அதனால் இந்த எண் முதலில் இறங்கும். நமக்கு மூச்சுமுட்டுவது தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இறங்கிவிடும் என்பது என் அனுபவம்.

ஊதும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் மாதம் நான் தப்பாகவே ஊதினேன். நின்றுகொண்டு ஊத வேண்டும். முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, உதட்டை இறுக்கி, மெழுகுவத்தியைத் தூரத்திலிருந்து அணைப்பதுபோல ஒரே வெட்டு. கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாலும், நாக்கு துவாரத்தை மறைத்தாலும் எண் பொய்யாகிவிடும். மூன்று முறை ஊதி, அதிகமானதை எழுத வேண்டும். சராசரி பார்க்கக் கூடாது. காலையில் மருந்துக்கு முன் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நன்றாக இருக்கும் நாட்களில் வரும் மிக உயர்ந்த எண்ணே நம் அளவுகோல். எனக்கு அது 400. அதில் 80 சதவீதம், அதாவது 320-க்கு மேல் இருந்தால் நல்ல நாள். 200-க்கும் 320-க்கும் இடையில் எச்சரிக்கை. 200-க்குக் கீழே போனால் நிவாரண மருந்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

மகளின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றில் எழுத ஆரம்பித்தேன். தேதி, காலை எண், மாலை எண், பக்கத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி வேளச்சேரிக்குக் காட்டும் காற்றுத் தரக் குறியீடு. இரண்டு மாதம் கழித்து நோட்டை விரித்து வைத்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரும்பாலான நாட்களில் வெளிக்காற்றுக்கும் என் மூச்சுக்கும் பொருத்தமே இல்லை. வேளச்சேரி எண் நன்றாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் 280. அது மோசமாக இருந்த நாளில், அண்ணா சாலைப் புகையில் பஸ்ஸில் போய் வந்த மாலையில், 340. அலுவலக நாட்களைவிட வீட்டில் இருக்கும் நாட்களில் குறைவு. ஜூன் மாதம் தஞ்சாவூரில் அக்கா வீட்டில் ஒன்பது நாள் இருந்தபோது 370 வரை ஏறியது. திரும்பிவந்த மூன்றாம் நாள் காலை 290. என்னை இறக்கியது ஏரியா மட்டும் அல்ல, என் வீடு. அதிலும் குறிப்பாக என் படுக்கையறை.

தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு மருத்துவர் அனுப்பினார். அதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் தடிக்காது. முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றின்மேலும் லேசாகக் குத்தி, 15 நிமிடம் காத்திருந்தோம். தூசிச் சிற்றுண்ணிக்கு 7 மில்லிமீட்டர் தடிப்பு, கரப்பான் பூச்சிக்கு 4. மகரந்தங்களில் எதற்கும் இல்லை.

இந்தச் சிற்றுண்ணி கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நாம் உதிர்க்கும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் பிழைக்கிறது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் அதற்குத் தாக்குப்பிடிப்பது கடினம். சென்னையில் அது எங்கே நடக்கும்? 450 ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்தேன். படுக்கையறையில் 78, மழைநாளில் 84. நம் மூச்சைக் கெடுப்பது அதன் எச்சம். அந்தத் துகள் கனமானது; காற்றில் வெகுநேரம் மிதக்காமல் மெத்தையிலேயே படிந்துவிடும், புரண்டு படுக்கும்போதுதான் கிளம்பி நேராக மூக்குக்குள் போகும். அறை மூலையில் சுற்றிக்கொண்டிருக்கும் சுத்திகரிப்பான் அதை எப்படிப் பிடிக்கும்? அதன் திரையில் பச்சை விளக்கு எரிய எரிய எனக்கு மூச்சு இளைத்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

ஒரே மெத்தையில்தான் திருவல்லிக்கேணியிலும் படுத்தேன், அங்கே ஏன் வரவில்லை என்று பல நாள் யோசித்தேன். விடை மொட்டைமாடியில் இருந்தது. அங்கே அத்தை மாதம் ஒரு முறை இலவம்பஞ்சு மெத்தையை மாடிக்கு ஏற்றி, நாள் முழுக்க வெயிலில் போட்டு, பிரம்பால் அடித்துத்தான் இறக்குவார். பழைய பழக்கம் என்று நான் பொருட்படுத்தியதில்லை. இங்கே மாடிக்கு எப்போதும் பூட்டு. மெத்தை வெயிலைப் பார்த்து ஓராண்டு ஆகியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. சுவர் ஓரமாக நின்ற மரபீரோவை நகர்த்திப் பார்க்கலாம் என்று கணவர் சொன்னார். நகர்த்தினோம். பின்சுவர் தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஓதம் அடித்து, பெயின்ட் அப்பளம் பொரிந்ததுபோல உப்பியிருந்தது. உப்பிய இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாக, கடுகு சிதறினாற்போலப் பூஞ்சணம். பீரோவின் கடைசித் தட்டில் என் கல்யாணப் பட்டுப்புடவை. மடிப்பை விரித்தபோது கை விரல்களில் வெள்ளையாகப் பொடி ஒட்டியது. அந்தச் சுவருக்கு நேர் எதிரே இரண்டடி தூரத்தில் என் தலையணை. மேல்வீட்டுக் குளியலறை வடிகுழாயில் கசிவு. அதைச் சரிசெய்ய வைக்க ஐந்து மாதம் அலைந்தேன். கதவைத் தட்டித் தட்டி எனக்கே வெறுத்துவிட்டது. கடைசியில் நோட்டைக் கொண்டுபோய் வீட்டு உரிமையாளரிடம் காட்டினேன். அதற்குப் பிறகுதான் பிளம்பர் வந்தார். சுவரைச் செங்கல் தெரியும்வரை கொத்தி, காயவைத்து, மறுபடி பூசினார்கள்.

மெத்தையை மாற்றினோம். புது மெத்தைக்கும் தலையணைகளுக்கும் முழுவதும் மூடி ஜிப் போடும் உறை. விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். அந்தச் சூட்டில் சிற்றுண்ணி சாகும், வெறும் தண்ணீரில் சாகாது. இந்த உறை கோடையில் புழுங்கும் என்பது உண்மை, மேலே பருத்தி விரிப்பு இரட்டையாகப் போட்டால் பரவாயில்லை. சுவர், மெத்தை இரண்டும் முடிந்து ஆறு வாரத்தில் காலை எண் 300-லிருந்து 360-க்கு வந்தது. எந்த ஒரு பொருளையும் தனியாகப் பாராட்ட முடியாது, இரண்டும் சேர்ந்த பலன்.

நோட்டில் இன்னொரு பள்ளம் சனிக்கிழமைகளில் இருந்தது. வாரம் தவறாமல் காலையில் 30, 40 குறைவு. வெள்ளிக்கிழமை மாலை அத்தை வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார். சொல்லத் தயங்கி ஒரு மாதம் ஓடியது. ஒரு நாள் நோட்டை அவர் மடியில் வைத்து சனிக்கிழமைகளை மட்டும் விரலால் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"ஏம்மா, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"உங்களுக்கு வருத்தமாக இருக்குமே அத்தை."

"சாமிக்கு வாசனைதான் வேண்டும், புகை வேண்டாம். மல்லிகைச் சரம் வாங்கி வா, போதும்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மல்லிகைதான். கொசுவர்த்திச் சுருளையும் அதே வாரம் நிறுத்தி, ஜன்னலுக்கு வலை அடித்தோம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகள் வெளியாகும் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மூடிய அறையில் குழந்தையைப் படுக்கவைத்துச் சுருள் கொளுத்தும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன், மனம் பதறுகிறது.

மருந்தைச் சொல்லாமல் விட்டால் இது பாதிப் பேச்சு. முதல் ஆண்டு நான் நீல நிற நிவாரண இன்ஹேலரை மட்டும் அவ்வப்போது அடித்துக்கொண்டு ஓட்டினேன். அது சுருங்கிய காற்றுக்குழலை விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று உலக அளவிலான ஆஸ்துமா சிகிச்சை வழிகாட்டுதல் 2019 முதலே சொல்கிறது. எனக்குத் தினமும் எடுக்கக் கொடுத்தது புடிசோனைடு என்னும் ஸ்டீராய்டும், காற்றுக்குழலை விரிக்கும் ஃபார்மோடிராலும் சேர்ந்த தடுப்பு இன்ஹேலர். "பழகிவிடும், விடமுடியாது" என்று பயமுறுத்தாதவர் இல்லை. இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையில் இருப்பது மில்லிகிராம் கணக்கு; ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்ததுதான் ஒரு மில்லிகிராம். இன்ஹேலருக்குப் பயந்து மாத்திரையில் போய் விழுவது எந்த நியாயம்? 2023 தொடக்கத்தில் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நானாக நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் எண் 380-லிருந்து 310. அதன்பின் மருத்துவர் குறைக்கச் சொன்னால் மட்டுமே குறைக்கிறேன். மருந்தை இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புவது கட்டாயம், இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் படியும்.

ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் கூடு இன்ஹேலருக்குத் துணை. இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் அடித்து வீணாகிறது. சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் ஏற்பட்டு மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாளில் இதன் அருமை தெரிந்தது. தரைத்தளம் தண்ணீரில், நான்கு நாள் மின்சாரம் இல்லை. சுத்திகரிப்பான் சும்மா நின்றது, நெபுலைசரும் அப்படியே. இரண்டாம் இரவு எண் 240-க்கு இறங்கியபோது மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஸ்பேசர் வழியாக நிவாரண மருந்தை எடுத்தேன். மறுநாள் காலை 290, மாலை 320. படகு தேடாமல் தப்பித்தேன்.

சுத்திகரிப்பானைக் குறைசொல்ல மாட்டேன். அதற்குள் இருக்கும் ஹெப்பா என்னும் நுண்துகள் வடிகட்டி 0.3 மைக்ரான் துகளையே 99.97 சதவீதம் பிடிக்கக்கூடியது. தீபாவளி இரவிலும் போகி விடியற்காலையிலும் கதவைச் சாத்தி அதை முழு வேகத்தில் ஓடவிட்டுத்தான் படுக்கிறோம். அந்த நாட்களில் எனக்கும் மகளுக்கும் அது உண்மையாகவே உதவுகிறது. குப்பை எரியும் நாளில் துகளைப் பிடிக்கும், நாற்றத்தையும் வாயுக்களையும் அவ்வளவாகப் பிடிக்காது. வாங்குவதானால் அறையின் கன அளவைக் கணக்குப் போடுங்கள். எங்கள் 12-க்கு 10 அடி அறை சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்றைச் சுற்றவைக்க 170 கன மீட்டர் திறனாவது வேண்டும். 10 மாதத்துக்கு ஒரு முறை வடிகட்டிக்கு 2,500 ரூபாய் ஆகிறது. கழற்றும்போது அது சாம்பல் நிறத்தில் இருப்பதைப் பார்த்தால் கொடுத்த பணம் வலிக்கவில்லை.

இப்போது ஐந்தாம் நோட்டு ஓடுகிறது. காலை எண் பெரும்பாலும் 370-க்கும் 390-க்கும் இடையில். கடைசியாக நெபுலைசருக்குப் போனது 2022-இல். சதுப்புநிலத்துக்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதி கிடைத்தது அந்த ஆண்டில்தான், கிடங்கின் பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையும் நடந்துவந்திருக்கிறது. நோட்டில் நான் சரிசெய்ய முடியாத பள்ளங்கள் ஜனவரி 13, 14 தேதிகளில் மட்டும் ஆண்டு தவறாமல் விழுகின்றன. எங்கள் தெருவில் போகிக்கு டயர் எரிப்பதில்லை என்று போன ஆண்டு எட்டு வீடுகள் ஒப்புக்கொண்டன. இன்னும் பதினொரு வீடுகள் இருக்கின்றன. மார்கழி பிறந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு அத்தையும் நானும் போகப்போகிறோம்.