வியன்னாவுக்கு ஓர் ஆய்வுச் சுருக்கம்: ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் சமர்ப்பிப்புத் தளம் குறித்து

ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் வியன்னாவில் நடத்தும் ஆண்டுப் பேரவைக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்புவதற்கான கெடு, 2025ஆம் ஆண்டில் ஜனவரி 15 அன்று மத்திய ஐரோப்பிய நேரப்படி பிற்பகல் ஒரு மணியோடு முடிந்தது. நம் கடிகாரத்தில் அது மாலை ஐந்தரை. நம் நாட்காட்டியில் மாட்டுப் பொங்கல். காலையில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசிய என் மாணவர், மாலையில் கைப்பேசி இணைப்பை மடிக்கணினிக்குக் கொடுத்துத் திண்ணையில் அமர்ந்து, கடலோரக் கிணறுகளின் உவர்ப்பைப் பற்றிய சுருக்கத்தை அனுப்பி முடித்தார். அவருக்கு நெறியாளர் என்ற முறையிலும், இதே தளத்தின் வழியாக நானே மூன்று முறை சுருக்கம் அனுப்பியவன் என்ற முறையிலும், அடுத்த கெடுவுக்கு முயல்பவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இந்த ஒன்றியம் இரண்டு பழைய சங்கங்கள் இணைந்து 2002இல் உருவானது. பேரவை 2005 முதல் வியன்னாவில் கூடுகிறது. சமர்ப்பிப்புத் தளத்தை நடத்துவது, ஒன்றியத்தின் ஆய்விதழ்களையும் வெளியிடுகிற, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து கோபர்நிகஸ் நிறுவனம். மாநாட்டுப் படிவமும் ஆய்விதழ்ப் படிவமும் ஒரே கணக்கில் இயங்குவதால், முன்பு இதழுக்குக் கட்டுரை அனுப்பியவர்களுக்கு இங்கே புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

தளத்தின் சிறப்பும் சிக்கலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. பல மாநாடுகளில் முதலில் சுருக்கத்தை ஏற்றிவிட்டு, பிறகு ஒரு பட்டியலில் 'நீரியல்' அல்லது 'சுற்றுச்சூழல்' என்று எதையாவது குறித்தால் போதும். எந்த அரங்கில் பேச வைப்பது என்பது அமைப்பாளர்களின் தலைவலி. இங்கே அப்படியில்லை. நிகழ்ச்சி நிரலில் நமக்குரிய அமர்வை நாமே தேடிக் கண்டுபிடித்து, அந்த அமர்வின் கீழுள்ள இணைப்பை அழுத்தினால்தான் படிவமே திறக்கும். ஒன்றியத்துக்கு 22 அறிவியல் பிரிவுகள். அமர்வுகள் ஆயிரத்தை ஒட்டி இருக்கும். நீரியல் பிரிவுக்குள் நிலத்தடி நீருக்கென்று தனி உட்பிரிவு உண்டு, அதற்குள்ளும் கடலோர நீர்த்தாங்கிகள் (நிலத்தடியில் நீரைத் தேக்கிவைக்கும் அடுக்குகள்), ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் நிறை மாறிய அணுக்கள்), மாசு என்று அமர்வுகள் கிளைக்கும். என் மாணவரின் வேலை, நாகப்பட்டினம் கடற்கரையை ஒட்டிய கிணறுகளில் ஆக்சிஜன்-18 என்னும் ஐசோடோப்பின் விகிதத்தை அளந்து, உவர்ப்பு இன்றைய கடல்நீரால் வந்ததா, மண்ணில் பழங்காலத்திலேயே தங்கிப்போன உப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது. அது மூன்று அமர்வுகளுக்குப் பொருந்தியது. எதில் போடுவது என்று இரண்டு நாள் தடுமாறினோம். ஒவ்வொரு அமர்வின் பக்கத்திலும் அதன் ஒருங்கிணைப்பாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுள் ஒருவருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேட்டோம். தம் அமர்வை விட்டுப் பக்கத்து அமர்வுக்குப் போகச் சொல்லி அவர் பதில் அனுப்பினார். இப்படிக் கேட்பது தவறு என்று நம்மில் பலர் கூச்சப்படுகிறார்கள். கேட்கத்தான் பெயர் போட்டிருக்கிறார்கள்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. நம் ஆய்வு யாருக்காக எழுதப்படுகிறது என்ற கேள்வியை, முதல் வரி எழுதும் முன்பே இது நம்முன் வைத்துவிடுகிறது. ஆனால் முதன்முறை அனுப்புபவருக்கு இதற்கே அரை நாள் போகும். கெடு நாளன்று அமர்வைத் தேடத் தொடங்கியவர், கண்ணில் பட்ட முதல் அமர்வில் சுருக்கத்தைப் போட்டுவிட்டு, ஏப்ரலில் தமக்குத் தொடர்பில்லாதவர்கள் நடுவே போஸ்டரோடு நிற்பார்.

அடுத்து, பெயர்ப் பெட்டிகள். இது இந்தத் தளத்துக்கு மட்டும் உரிய குறையன்று. நான் பார்த்த எல்லா மாநாட்டுப் படிவங்களிலும் முதற்பெயருக்கு ஒன்று, குடும்பப்பெயருக்கு ஒன்று என்று இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. தமிழர் பெயரில் முதலெழுத்து உண்டு, குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. ஆகவே ஒரே ஆளுக்கு மூன்று வழிகள் பிறக்கின்றன: குடும்பப்பெயர்ப் பெட்டியில் ஒற்றை எழுத்தைப் போடலாம், தந்தையின் பெயரை விரித்து எழுதலாம், அல்லது சொந்தப் பெயரையே இரண்டாக உடைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வழியில் போனால், ஒருவரே மூன்று ஆய்வாளர்களாகப் பதிவாகிவிடுவார். நான் முதல் முறை ஒற்றை எழுத்தையும், இரண்டாம் முறை தந்தையின் பெயரையும் போட்டவன். மேற்கோள் பட்டியல்களில் இன்றுவரை நான் இருவர். இரண்டாமவராக என் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, அறிவியலில் எந்த ஈடுபாடும் இல்லாத என் தந்தையார் முழுப்பெயருடன் நிற்கிறார். 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண்ணைக் கணக்கோடு இணைத்துவிட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். இன்னொன்றையும் மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன்: கடவுச்சீட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கிலும் இருக்கட்டும். சுருக்கம் ஏற்கப்பட்ட பிறகு விசாவுக்குக் காட்டும் கடிதத்தில் வேறொரு பெயர் இருந்தால், அதை விளக்க இன்னொரு கடிதம் தேவைப்படும்.

சுருக்கத்தின் நீளம் 100 முதல் 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். இது தாராளம். அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு 2,000 எழுத்துகள்தாம், அதாவது ஏறக்குறைய 300 ஆங்கிலச் சொற்கள். அங்கே ஓர் எண்ணைச் சேர்க்க ஒரு பெயரடையைக் கொல்ல வேண்டும். அந்தக் கண்டிப்பு சுருக்கத்துக்கு நல்லது என்றே நினைக்கிறேன். வியன்னாவின் 500 சொற்களில் பாதி இடத்தை முன்னுரையே விழுங்கிவிடுகிற சுருக்கங்களை ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறேன். கெடு நேரத்தில் மட்டும் வியன்னா நமக்கு வசதியானது. அமெரிக்கர்களின் கெடு அவர்களது கிழக்குக் கரையின் நள்ளிரவை ஒட்டி முடிவதால், கோடையில் நமக்கு மறுநாள் காலை ஒன்பதரை ஆகிறது; இரவெல்லாம் விழித்திருக்கத் தூண்டுகிற நேரம் அது. மாலை ஐந்தரை என்பது மனிதர்கள் வேலை செய்யும் நேரம்.

அனுப்பும் முன் சுருக்கம் எப்படி வெளியாகும் என்பதைத் தளம் முழுமையாகக் காட்டுகிறது. இந்த முன்தோற்றத்தின் அருமை, அது இல்லாத இடத்தில் அனுப்பியவர்களுக்குத்தான் தெரியும். உள்நாட்டு மாநாடு ஒன்றுக்கு நான் முன்பு அனுப்பிய சுருக்கத்தில் ஐசோடோப்பு விகிதத்தைக் குறிக்கும் டெல்டா எழுத்து, ஏற்றும்போது கேள்விக்குறியாக மாறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அச்சிட்ட தொகுப்பு நூலில் என் முடிவுகள் அனைத்துக்கும் முன்னால் ஒரு கேள்விக்குறி நின்றது, ஆறு இடங்களில். பார்த்த நண்பர் ஒருவர், "இவ்வளவு அடக்கமாக எழுதிய ஆய்வை நான் கண்டதில்லை" என்றார்.

இனி, கட்டணம். 2019இல் சுருக்கம் ஒன்றுக்கு 40 யூரோ, அன்றைய மதிப்பில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல், பிறகு ஏறியிருக்கிறது. இதோடு முதலாசிரியர் ஒன்றியத்தில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். இது மாநாட்டில் கலந்துகொள்வதற்கான பதிவுக் கட்டணம் அன்று. சுருக்கத்தைக் கையாள்வதற்கு மட்டுமே. சுருக்கத்தைத் திரும்பப் பெற்றாலும் பணம் திரும்பி வராது. கட்டணம் செலுத்தும்வரை சமர்ப்பிப்பு நிறைவு பெறுவதும் இல்லை. தேவையற்ற சுருக்கங்களைத் தடுக்கக் கட்டணம் உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐரோப்பிய மாணவர் ஒரு வேளை உணவகச் செலவாகக் கருதும் தொகை, உதவித்தொகை மூன்று மாதம் தாமதமாக வரும் நம் மாணவருக்கு அப்படியன்று. தளத்தில் நான் காணும் பெரிய குறை இதுதான்.

பணம் கையில் இருந்தாலும் அட்டை ஒத்துழைக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 மார்ச் 16 முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி முடக்கப்பட்டே இருக்கும். அட்டைதாரர்தாம் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். திண்ணையில் அமர்ந்திருந்த என் மாணவர் இதை மாலை 5.05க்குத்தான் அறிந்தார். அவருடைய வங்கியின் செயலி, வசதியை இயக்கக் கேட்டபோது சுற்றிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பொங்கல் வாழ்த்தும் அதன் பின் இசையும் வந்தன. பின்னணியில் யாரோ "பொங்கலோ பொங்கல்" என்று கூவுவது கேட்க, அவர் என்னை அழைத்து, "ஐயா, உங்க கார்டுல கட்ட முடியுமா?" என்றார். அவர் தம் கணக்கில் என்னை நுழையச் சொல்ல, நான் என் வீட்டிலிருந்து கட்டினேன். உறுதி மின்னஞ்சல் 5.21க்கு வந்தது. இதில் தளத்தின் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் கட்டணப் படியைக் கடைசியில் வைத்திருப்பது, கெடுவுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் எல்லாம் முடிந்துவிட்டது என்ற பொய்யான நிம்மதியைத் தருகிறது. இன்னொரு சிறு எச்சரிக்கை: ரசீதில் யார் பெயர் வர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். வீட்டு முகவரியிட்ட ரசீதைக் கணக்குப் பிரிவு ஏற்காது.

ஒருவர் முதலாசிரியராக ஒரு சுருக்கமே அனுப்பலாம் என்ற விதியும் உண்டு. கல்வி, பரப்புரை போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. சிலர் இதைக் குறுகிய மனம் என்கிறார்கள். எனக்கு இது தளத்தின் மிகச் சிறந்த விதிகளுள் ஒன்று. துறைத்தலைவரின் பெயரே எல்லாச் சுருக்கங்களிலும் முதலில் நிற்கும் ஆய்வகங்களை நாம் அறிவோம். அங்கேயும் இந்த ஒரு மாநாட்டுக்கு மாணவரின் பெயர் முன்னால் வந்தே தீர வேண்டியிருக்கிறது.

அனுப்பிய பிறகு நடப்பது குறைவு. ஒருங்கிணைப்பாளர்கள் படித்து, பேச்சா போஸ்டரா என்று முடிவு செய்கிறார்கள். கெடு வரையில் நாம் திருத்திக்கொள்ளலாம். 2020 முதல் சுருக்கங்கள் தனித்தனி டிஓஐ எண்ணுடன் (இணையத்தில் ஓர் ஆவணத்தை நிலையாக அடையாளம் காட்டும் எண்), எவரும் மூலத்தைச் சுட்டிப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் வெளியாகின்றன. அந்த எண்ணைப் பார்த்ததும் தன்விவரத்தில் 'ஆய்வுக் கட்டுரை' என்ற தலைப்பின் கீழ் சேர்த்துவிடும் ஆசை வரும். இது ஆய்விதழ்க் கட்டுரை போல விரிவான மதிப்பாய்வுக்கு உட்பட்டதன்று. 'மாநாட்டுச் சுருக்கம்' என்றே எழுதுவதுதான் நேர்மை. காப்புரிமை கோர நினைக்கும் முடிவுகளையோ, இன்னும் சரிபார்க்காத எண்களையோ இதில் வைக்கவும் கூடாது. வெளியானது வெளியானதுதான்.

பயண உதவி வேண்டுவோருக்கு ஜனவரிக் கெடு பொருந்தாது. அதற்கு விண்ணப்பிப்பவர்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே சுருக்கத்தை அனுப்பிவிட வேண்டும். நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தத் தேதியைத்தான். சுருக்கம் ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் உதவி கேட்கப் போய், அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டதை அறிகிறார்கள்.

நவம்பருக்குள் கையில் ஒரு முடிவாவது இருக்கிற முனைவர் பட்ட மாணவருக்கு இந்தத் தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அளவீடே இன்னும் முடியாதவர், கட்டணமில்லாத உள்நாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் தொடங்குவது மேல். ஐந்துக்கு நான்கு தருகிறேன். குறைத்த ஒன்று கட்டணத்துக்கு. என் மாணவர் அந்தத் தொகையைத் தவணையில் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் தவணையாக ஒரு மூட்டை பொன்னி அரிசி வந்திருக்கிறது.