சுகர் பீன்ஸா, மீலியா? விதையைப் பிரித்துப் பார்க்க எது வசதி

டர்பன் வீடுகளில் கறிக்கு வாங்கும் சுகர் பீன்ஸும், மீலி என்கிற மக்காச்சோளமும் சுலபமாகக் கிடைக்கும் விதைகள். வளர எந்தப் பகுதி தேவை என்று பிரித்துக் காட்ட பீன்ஸே மேல்.

8 முதல் 12 மணி நேரம் ஊறினால் தோல் விரலிலேயே கழன்றுவிடும். இரண்டு பருப்பையும் விரித்தால் ஒன்றின் விளிம்பில் முளைவேரும் மடங்கிய குருத்திலைகளும் ஒட்டியிருக்கும்; இதுதான் கரு. முழு விதை, தோல் நீக்கியது, ஒற்றைப் பருப்போடு கரு, கரு மட்டும், பருப்பு மட்டும் என வகைக்கு 10 விதை ஈரப் பஞ்சில் வையுங்கள். 20–25 டிகிரி சூடு போதும். தோல் இல்லாததும் முளைக்கும். ஒற்றைப் பருப்புள்ளது குட்டையாக வளரும். தனிக் கரு சற்று நீண்டு, உணவின்றி நின்றுவிடும். தனிப் பருப்போ உப்பி அழுகும், அவ்வளவுதான்.

மீலியில் விதைத்தோல் கனியுறையோடு ஒட்டிக்கிடப்பதால் உரிக்க வராது. ஆனால் 24 மணி நேரம் ஊறவைத்து, நெடுக்காக வெட்டி, அயோடின் ஒரு சொட்டு விட்டால் மாவுப்பகுதி கருநீலமாகும். உணவுச் சேமிப்பைக் காட்ட இதற்கு ஈடில்லை. கரு கூர்முனைப் பக்கம் இருப்பதால் அகன்ற முனையைச் சீவிக் குறைத்தும் வளர்க்கலாம். சாம்ப் என்கிற உடைத்த மீலியை வாங்கிவிடாதீர்கள், அதில் கரு நீக்கப்பட்டிருக்கும். சாயம் பூசிய விதைச்சோளமும் வேண்டாம். அது பூஞ்சைக்கொல்லி தடவியது.

உரித்த விதையில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். ஊறவைக்குமுன், வாசனை சேராத ஜிக் (வெளுப்புத் திரவம், பிளீச்) 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து 5 நிமிடம் வைத்து நன்றாகக் கழுவுங்கள். பஞ்சில் தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் முழு விதையும் அழுகும்.