கிண்ணம் முதலிலா, அப்பம் முதலிலா? டிடாக்கேயும் யுஸ்தீனும்

நற்கருணையின் (அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் கிறிஸ்தவ வழிபாட்டின்) பழைய வடிவத்தைத் தேடினால் இரண்டு சாட்சிகள் கிடைக்கின்றன. இரண்டும் ஒத்துப்போவதில்லை.

டிடாக்கே என்ற ஆதிக் கிறிஸ்தவக் கையேடு (முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது அதையொட்டி) திராட்சை ரசக் கிண்ணத்தை முதலில் வைக்கிறது, பிறகுதான் அப்பம். யூத வீடுகளில் ஓய்வுநாள் விருந்துக்கும் இதே வரிசைதான். 'இது என் உடல்' என்ற இயேசுவின் சொற்கள் இதில் இல்லவே இல்லை. மலைகளில் சிதறிக் கிடந்த தானியம் ஒரே அப்பமானதுபோல் சபையும் ஒன்றுசேரட்டும் என்றே வேண்டுகிறார்கள். 'வயிறு நிறைந்தபின்' மறுபடி நன்றி சொல்கிறார்கள். ஆக, இது நிஜமான சாப்பாடு.

ரோமில் சுமார் 155-இல் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன் காட்டுவது வேறு. விருந்து மறைந்துவிட்டது. ஞாயிறன்று கூடி, நேரம் உள்ளவரை வாசகம், தலைவரின் உரை, எழுந்து நின்று ஜெபம், பிறகு அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சை ரசமும். மக்கள் 'ஆமென்' என்றதும் பகிர்வு. வராதவர்களின் பங்கைத் தியாக்கோன்கள் (சபைப் பணியாளர்கள்) எடுத்துப்போகிறார்கள். இயேசுவின் அந்தச் சொற்களையும் யுஸ்தீன் மேற்கோள் காட்டுகிறார்.

இன்றைய கிறிஸ்தவப் பூசையின் எலும்புக்கூடு யுஸ்தீனிடம்தான் தெரிகிறது. அதற்காக டிடாக்கேயை அதன் 'முழுமையடையாத முன்வடிவம்' என்பது தவறு. ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபட்ட காலம் அது.