பதினான்கு ஆண்டுகளாக ஓர் எச்.ஆர்.ஓ. ரிசீவரோடு

2011இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இந்த எச்.ஆர்.ஓ. என்ற பழைய சிற்றலை வானொலி ரிசீவரை வாங்கிய அன்று, அதைவிடப் பெறுமதியான பொருள் ஒன்று அதே அறையின் மூலையில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தது. விற்றவர் ஓய்வுபெற்ற கப்பல் வானொலி அலுவலர். “தம்பி, அதுவும் இதனுடையதுதான். நாலாயிரம் கூடத் தந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்” என்றார். ரிசீவருக்கே இருபத்தெட்டாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்த கை அது. மரப்பெட்டிக்குள் இருந்தவை ஏற்கெனவே ரிசீவரோடு வந்த, அலைவரிசை மாற்றச் செருகும் சுருள் பெட்டிகளைப் போலவே தெரிந்தன. உதிரிகள் எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு முச்சக்கரவண்டி பிடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது அந்தப் பெட்டி பழைய இரும்புக்காரனோடு போயிருந்தது.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் என்ற ஊரில் இருந்த நேஷனல் கம்பனி 1935இல் எச்.ஆர்.ஓ. ரிசீவரை வெளியிட்டது. அலைவரிசை மாற்றும் திருகி இதில் கிடையாது. முன்பக்கத்தின் அடியில் மேசை இழுப்பறை போன்ற ஒரு வாய் இருக்கும். வேண்டிய அலைவரிசைக்குரிய சுருள் பெட்டியை இரண்டு கைப்பிடிகளிலும் பிடித்து அதற்குள் தள்ள வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும், டயலில் எந்த எண்ணுக்கு எந்த அலைவரிசை என்று காட்டும் வரைபடம் பதித்திருக்கும். நடுவில் உள்ள பெரிய வட்ட டயலைப் பத்துச் சுற்றுச் சுற்றினால்தான் சுழியத்திலிருந்து ஐந்நூறுக்குப் போகும். சுற்றச் சுற்றச் சிறிய சாளரங்களில் எண்கள் மாறிக்கொண்டே வரும். என் மகள் சிறுமியாக இருந்தபோது அந்தச் சாளரங்களைப் பார்ப்பதற்காகவே டயலைச் சுற்றிக்கொண்டிருப்பாள். இன்றைய இலத்திரனியல் காட்சித்திரை ஒன்றும் எனக்கு அந்த இன்பத்தைத் தந்ததில்லை.

என்னிடம் வந்தது போர்க்கால எம் வகை. அதோடு வந்த பெட்டிகள் ஜே.ஏ., ஜே.பி., ஜே.சி., ஜே.டி. என்ற நான்கும். இராணுவத்துக்கு எல்லா அலைவரிசையும் ஒரே சீராகக் கேட்டால் போதும் என்று செய்யப்பட்டவை அவை. பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் கதைக்கும் பயில்முறை வானொலிக்காரருக்கு உரியவை ‘ஜே’ இல்லாத ஏ, பி, சி, டி பெட்டிகள். அவற்றில் உள்ள நான்கு சிறிய திருகாணிகளை ஒரு துளையிலிருந்து பக்கத்துத் துளைக்கு மாற்றினால், நமக்குரிய குறுகிய அலைவரிசை மட்டும் டயலில் ஐம்பதிலிருந்து நானூற்றைம்பது வரை அகன்று விரியும். கொட்டாஞ்சேனை மரப்பெட்டிக்குள் கிடந்தவை அந்த நான்கும்தான்.

இதை அறிய எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அறிந்த பிறகு தேடத் தொடங்கினேன். 2014இல் இங்கிலாந்திலிருந்து சி பெட்டி ஒன்று கிடைத்தது. விலை, தபால் கட்டணம், சுங்கத் தீர்வை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய முழு ரிசீவருக்குக் கொடுத்த பணம். அடுத்த ஆண்டு டி பெட்டி வந்தது. ஏ, பி இரண்டும் இன்றுவரை இல்லை.

சி பெட்டியைப் பொருத்திய மாலை நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு ரிசீவருக்கும் அதனதன் பெட்டிகளைத் தொழிற்சாலையிலேயே இசைவாக்கி அனுப்புவார்கள். வேறொரு ரிசீவரின் பெட்டியில், வரைபடம் சொன்ன இடத்தில் அலைவரிசை முதல் நாளே நிற்காது. இரண்டு சனிக்கிழமைகள் அதைத் திருத்துவதில் போயின. அதன் பிறகு 7 மெகாஹெர்ட்ஸில் தமிழ்நாட்டு நண்பர்கள் கதைப்பது, ஜே.சி. பெட்டியில் டயலின் ஓர் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கேட்டதெல்லாம், ஆளுக்கொரு கதிரையில் தள்ளித் தள்ளி அமர்ந்ததுபோல் பிரிந்து கேட்டது. சேகரிப்பாளர்கள் ஏன் இதற்கு இவ்வளவு பணம் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் காதால் விளங்கியது.

பராமரிப்பைப் பற்றிச் சொல்வதானால், கடற்கரைக்கு இரண்டு வீதி தள்ளி இருப்பவர்கள் இதை வாங்குமுன் யோசிக்க வேண்டும். சுருள் பெட்டி பொருந்தும் இடத்தில் உள்ள வில் தொடுமுனைகள் உப்புக்காற்றில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கறுக்கின்றன. பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் மதுசாரத்தில் துடைத்தால் மறுபடி ஒழுங்காகிவிடும். மெழுகுக் காகித மின்தேக்கிகள் எல்லாம் கசிந்துபோயிருந்தன. முதல் சுற்றில் அவற்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதியவற்றை அப்படியே பற்றவைத்தேன். இரண்டாவது சுற்றில்தான் புத்தி வந்தது. பழைய குழாயைச் சூடாக்கி உள்ளிருப்பதை வெளியே எடுத்து, புதிய மின்தேக்கியை அதற்குள் நுழைத்து, மெழுகால் மூடினேன். மூடியைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு 1940களின் பொருளாகவே தெரியும். மின்வழங்கி தனிப்பெட்டி. என்னுடையதற்கு அசல் மின்வழங்கி இல்லை. பழைய வால்வு வானொலி ஒன்றின் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து நானே கட்டியது இன்றுவரை ஓடுகிறது. கேட்பதற்கு அது போதும், விற்பதற்குப் போதாது.

என் பெரிய தவறு 2013இல் நடந்தது. அசல் வண்ணம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும் கறுப்பு. அதில் துருப்புள்ளிகள் தெரிகின்றன என்று ரிசீவரின் வெளிக்கூட்டைக் கழற்றிக் கார்களுக்கு வண்ணம் பூசும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. முகம் பார்த்துத் தலைசீவும் அளவுக்குப் பளபளப்பாகத் திருப்பித் தந்தார். அந்தப் பளபளப்பைப் பார்த்த ஒரு சேகரிப்பாளரும் இரண்டாவது முறை விலை பேசியதில்லை.

விற்றவர் சொன்ன இன்னொரு கதையும் உண்டு. இந்த ரிசீவர் கொழும்பிலேயே ஜப்பானியக் கடற்படையின் மோர்ஸ் செய்திகளை ஒட்டுக்கேட்டது என்றார். கதைக்கு இடமிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து பிரித்தானியரின் ஒட்டுக்கேட்கும் பிரிவு 1942இன் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி நகரத்தில் குண்டு விழுந்த பிறகு கென்யாவுக்குப் போய், 1943இல் திரும்பி வந்து ஆண்டர்சன் கோல்ஃப் மைதானத்தில் நிலையம் அமைத்தது. எச்.எம்.எஸ். ஆண்டர்சன் என்று அதற்கு ஒரு கப்பலின் பெயர், இருந்ததோ தரையில். பிரித்தானியரின் ஒட்டுக்கேட்கும் நிலையங்களில் எச்.ஆர்.ஓ. ரிசீவர்கள் ஆயிரக்கணக்கில் பயன்பட்டன என்பதும் உண்மை. ஆனால் என் ரிசீவரில் ஒரு முத்திரை இல்லை, ஓர் எண் இல்லை, ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கொழும்பில் கிடைக்கும் பழைய ரிசீவர்களில் பாதி அந்த மைதானத்திலிருந்து வந்ததாகத்தான் விற்கிறவர்கள் சொல்கிறார்கள். அத்தனையும் அங்கே இருந்திருந்தால் கோல்ஃப் பந்து உருள இடமிருந்திருக்காது. கையில் கடதாசி இருந்தால் கதைக்கு விலை கூடும். இல்லாவிட்டால் தேநீரோடு கேட்கலாம்.

எச்.ஆர்.ஓ. அப்படியொன்றும் அரிய பொருளல்ல. அத்தனை செய்தார்கள். போதாக்குறைக்கு ஜெர்மனியில் கோர்ட்டிங் கம்பனியும் இதைப் பார்த்து நகல் செய்தது. அரியது, தனக்கென்று செய்த பெட்டிகளோடும் தன் மின்வழங்கியோடும் துளையிடப்படாத முகப்போடும் மிஞ்சியிருக்கும் எச்.ஆர்.ஓ. தனி ரிசீவரைக் கொழும்பில் இன்றும் பொறுமையாகத் தேடினால் கண்டுபிடிக்கலாம். இரும்புக்கடையில் எடைக்குப் போகாமல் இருந்தால்.

2022இல் இதை விற்றுவிட நினைத்தேன். மார்ச் மாதம் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. அயலில் உள்ள மின்விளக்குகளும் சார்ஜர்களும் செத்துப்போனதால் சிற்றலையில் இரைச்சல் அறவே இல்லாத இரவுகள் அவை. கேட்பதற்கு என் ரிசீவருக்கும் மின்சாரம் இல்லை. ரூபாய் சரிந்துகொண்டிருந்தது, டொலரில் வாங்க ஆள் இருந்தால் இதுதான் காலம் என்று தோன்றியது.

டொரன்டோவிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒருவர், நண்பர் சொல்லி, வீட்டுக்கு வந்தார். இருக்கச் சொல்லுமுன் மூடியைத் திறந்தார். கைவிளக்கை வால்வுகளின் பக்கம் திருப்பவே இல்லை. திருகாணித் தலைகளில்தான் பிடித்தார்.

“அண்ணா, இந்த மூன்றில் மட்டும் கீறல் இருக்கிறதே, யார் கழற்றியது?”

“நான்தான்.”

“வண்ணம்?”

“அதுவும் நான்தான்.”

தலையை மெல்ல ஆட்டிவிட்டுக் கீழே குனிந்து சி பெட்டியை வெளியே இழுத்தார். முகத்தில் இருந்த வரைபடத்தை விரலால் தொட்டார். புரட்டி நான்கு திருகாணிகளையும் எண்ணினார். பிறகு ரிசீவரை நான் வைத்துக்கொள்ளலாம் என்றும், பெட்டிக்கு மட்டும் இருநூறு டொலர் தருவதாகவும் சொன்னார். அவருடைய ரிசீவரில் அது ஒன்றுதான் குறையாம். நான் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவரிடமிருந்து வாழ்த்து வருகிறது. வாழ்த்துக்குக் கீழே, “சி பெட்டி சுகமாக இருக்கிறதா, அண்ணா?”